முதியோர் பாதுகாப்புக் கல்விப் படங்கள்: தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

முதியோரும் அவர்களைப் பராமரிப்போரும் அன்றாடம் எதிர்கொள்ளும் இடர்களைப் பற்றிய கல்விப் படங்கள் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் இன்று பரவலாகக் காட்டப்படுகின்றன. இப்படங்களில் உள்ள செய்திகள் மருத்துவ நோக்கில் சரியானவையாக இருப்பினும், அவை பார்வையாளரிடம் எவ்வுணர்வை எழுப்புகின்றன என்பதே அச்செய்திகள் செயலாக மாறுமா என்பதைத் தீர்மானிக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் தரும் கருத்துகளைக் கொண்டு இப்படங்களின் உணர்வமைப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சத்தை எழுப்ப முயலும் காட்சிகள் முதியோரிடம் இளிவரலையும் ஏனையோரிடம் நகையையுமே எழுப்பக்கூடும் என்பதும், அதனால் இடரை மறைக்கும் போக்கு வளரக்கூடும் என்பதும், பெருமிதத்தை அடிப்படையாகக் கொண்ட அமைப்பு இதற்கு மாற்றாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும். இப்படங்களின் ஏவல் மொழியும் இடவழக்கும் உடன் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, இளிவரல், அச்சம், பெருமிதம், முதியோர் பாதுகாப்பு, கல்விப் படம், ஏவல், உளப்பாட்டுத் தன்மைப் பன்மை.

1. முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் ஆவர். தமிழ்நாட்டில் அவர்களின் பங்கு மொத்த மக்கள்தொகையில் 10 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. கூட்டுக்குடும்ப அமைப்பு சுருங்கி வருவதாலும் பிள்ளைகள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரிவதாலும் முதியோர் பலர் தனித்தோ, முதிய இணையராகவோ வாழ்கின்றனர். குளியலறையில் வழுக்கி விழுதல், மருந்து மாறிப்போதல், எரிவாயுக் கசிவு, மறதிநோய் உடையோர் வழிதவறிச் செல்லுதல், தொலைபேசி வழி மோசடி, பராமரிப்போரின் புறக்கணிப்பு அல்லது வன்முறை ஆகியவை அவர்கள் எதிர்கொள்ளும் முதன்மை இடர்களாகும்.

இவ்விடர்களைப் பற்றி மக்களுக்குக் கற்பிக்கப் படம் ஏற்ற ஊடகமாகும். எழுத்தறிவு குறைந்தோரும் பார்வை மங்கியோரும் காட்சியாலும் ஒலியாலும் பயன்பெறுவர். இந்திய நடுவண் அரசின் திரைப்படப் பிரிவு 1948இல் நிறுவப்பட்டது முதல், திரையரங்குகளில் கதைப்படத்திற்கு முன் கல்விக் குறும்படம் காட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இன்று அவ்விடத்தைக் கைப்பேசித் திரை பெற்றுள்ளது. எனினும் இப்படங்களைப் பற்றிய மதிப்பீடு பெரும்பாலும் செய்தியின் சரிநிலையைப் பற்றியதாகவே அமைகிறது. பார்த்தவர் என்ன உணர்ந்தார், உணர்ந்தபின் என்ன செய்வார் என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. காண்போரிடத்துத் தோன்றும் உணர்வைப் பகுத்தாயும் மரபு தமிழில் தொன்மையானது. அம்மரபின் துணையுடன் இவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மெய்ப்பாட்டியல் தரும் கருவிகள்

பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. ஒவ்வொன்றும் தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் நான்காகப் பகுக்கப்படுகின்றன. இவ்வாய்வுக்கு அவற்றுள் ஐந்து இன்றியமையாதவை.

இளிவரலின் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவை. அச்சத்தின் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவை. பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றால் தோன்றும். நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றாலும், அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றாலும் தோன்றும்.

இப்பகுப்பில் முதலில் கருதத்தக்கது, மூப்பு அச்சத்தின் நிலைக்களனாகக் கூறப்படாமல் இளிவரலின் முதல் நிலைக்களனாகக் கூறப்பட்டிருப்பதாகும். இளிவரல் என்பது இழிவாகக் கருதும் உணர்வு. அது பிறரிடத்து எழுவதோடு தன்னிடத்தும் எழும் என்பது உரையாசிரியர் கருத்து. அதாவது, முதுமையைக் கண்டு பிறர் இழிவாக எண்ணுவது போலவே, முதியவர் தம்மைத் தாமே இழிவாக எண்ணவும் கூடும். மூப்போடு பிணியும் வருத்தமும் மென்மையும் ஒரே தொகுதியில் அமைந்திருப்பது, இவை ஒருவரிடத்தே சேர்ந்து நிற்கும்போது அவ்வுணர்வு மிகும் என எண்ண இடந்தருகிறது.

இரண்டாவது, காண்போர் பற்றிய உரைமரபின் விவாதமாகும். நடிப்போன் உணர்ந்ததைக் காண்போர் எய்துதலே மெய்ப்பாடு என்னும் கருத்து செயிற்றியம் என்னும் பழைய நூலின் கூற்றாக உரையில் எடுத்தாளப்படுகிறது. பேராசிரியரோ இதனை நுணுகி ஆராய்ந்து ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். அஞ்சி ஓடிவரும் ஒருவனைக் காண்பவனுக்கு, அவன் எதையோ கண்டு அஞ்சினான் என்னும் அறிவு தோன்றும். அவ்வழி நகையோ கருணையோ பிறக்குமேயன்றி, அச்சத்திற்குரிய பொருளைத் தானே காணாதவனுக்கு அச்சம் பிறவாது என்பது அவர் கருத்தின் சாரம். நாடக மேடையை எண்ணிக் கூறப்பட்ட இக்கருத்து, பாதுகாப்புக் கல்விப் படத்தின் அடிப்படை நம்பிக்கையையே வினாவுக்கு உட்படுத்துகிறது.

3. விழுதல்: இளிவரலும் மறைத்தலும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுவதால் உயிரிழக்கின்றனர். 60 வயதைக் கடந்தோரே அவர்களுள் மிகுதி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் ‘ஸ்டெடி’ என்னும் விழுதல் தடுப்புத் திட்டத்தை நடத்திவருகிறது. 65 வயதைக் கடந்தோருள் நால்வரில் ஒருவருக்கு மேல் ஆண்டுதோறும் விழுகின்றனர் என்றும், விழுந்தோருள் பாதிக்கும் குறைவானவர்களே அதனை மருத்துவரிடம் கூறுகின்றனர் என்றும், ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு இருமடங்காகிறது என்றும் அம்மையம் தெரிவிக்கிறது.

இம்மூன்று செய்திகளையும் இணைத்து நோக்கினால், விழுதலைவிட விழுந்ததை மறைத்தலே தடுக்கத்தக்க பெருங்கேடு என்பது புலனாகும். முதல் விழுகை ஓர் எச்சரிக்கை. இரத்த அழுத்த மருந்தின் அளவு மிகுதி, தூக்க மருந்தின் விளைவு, கண்புரை, கால் தசைகளின் தளர்ச்சி, படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் திடீரெனக் குறைதல் எனக் காரணம் எதுவாயினும், சொல்லப்பட்டால் பெரும்பாலும் திருத்தத்தக்கது. சொல்லப்படாத விழுகை இரண்டாம் விழுகைக்கு வழி திறந்து வைக்கிறது. இடுப்பெலும்பு முறிவில் முடிவது பல நேரங்களில் அந்த இரண்டாம் விழுகையே.

முதியவர் ஏன் மறைக்கிறார்? வலியை அஞ்சி அன்று. ‘இனித் தனியாக வெளியே போகக்கூடாது’ என்று மகன் கூறுவான். மாடியறையிலிருந்து கீழறைக்கு மாற்றுவார்கள். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் துணையின்றிச் செல்லும் உரிமை பறிபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘தள்ளாதவர்’ என்னும் பெயர் வந்துசேரும். இது மெய்ப்பாட்டியல் கூறும் மூப்பும் மென்மையும் பற்றிய இளிவரலே. அதுவும் தன்னிடத்துத் தோன்றும் இளிவரல்.

இத்தகைய படங்களில் வழக்கமாகக் காணப்படும் அமைப்பு ‘தவறான முறை, சரியான முறை’ என்னும் இரட்டைக் காட்சியாகும். முதற்காட்சியில் முதியவர் ஈரத்தரையில் கால்வைக்கிறார், வழுக்குகிறார், தரையில் கிடந்து முனகுகிறார், குடும்பத்தார் பதறி ஓடிவருகின்றனர். இரண்டாம் காட்சியில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத விரிப்பும் காட்டப்படுகின்றன. படைப்பாளரின் எண்ணம் அச்சத்தை எழுப்பித் தற்காப்பைத் தூண்டுதலாகும். பேராசிரியரின் கருத்தைப் பொருத்திப் பார்த்தால், இக்காட்சியைக் காணும் இளையோரிடம் எழுவது கருணை, சிலரிடம் நகை. காணும் முதியவரிடம் எழுவதோ இளிவரல். தரையில் கிடக்கும் உருவத்தைத் தம் உருவமாக ஏற்க அவர் மனம் மறுக்கிறது. ‘இது என்னைப் பற்றியதன்று, என்னைவிட மூத்தவர்களைப் பற்றியது’ என்று அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஒதுங்க இயலாதவர் நாணத்தால் மேலும் மறைக்கலாம்.

அச்சம் உண்மையிலேயே எழுந்தாலும் விளைவு நன்மையாக அமையும் என்று கூற இயலாது. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் நடையைக் குறைத்துக்கொள்பவரின் கால் தசைகள் மேலும் தளர்கின்றன, சமநிலை குன்றுகிறது, விழும் வாய்ப்பு கூடுகிறது. இது முதியோர் மருத்துவம் நன்கறிந்த சுழற்சியாகும். ஆகவே அச்சத்தை மட்டும் விதைக்கும் படம், தான் தடுக்க முனைந்த இடரையே வளர்க்கக்கூடும்.

4. கள்வரும் இறையும்: மோசடி பற்றிய படங்கள்

அச்சத்தின் நிலைக்களன்களுள் கள்வரும் தம் இறையும் தனித்தனியே கூறப்பட்டுள்ளனர். கள்வரை அஞ்சுவது பொருளும் உயிரும் பற்றிய அச்சம். இறையை அஞ்சுவது தண்டனை பற்றிய அச்சம். கள்வர் வந்தால் இறையிடம் முறையிடலாம் என்பது இயல்பான பாதுகாப்பு. அண்மைக்காலத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்னும் பெயரில் நிகழும் மோசடி இவ்விரு நிலைக்களன்களையும் ஒன்றாக்குகிறது. காவல்துறை அல்லது புலனாய்வுத்துறை அதிகாரியின் சீருடையில் காணொளி அழைப்பில் தோன்றும் கள்வன், முதியவரின் பெயரில் குற்றவழக்கு இருப்பதாகக் கூறுகிறான். அழைப்பைத் துண்டிக்கக்கூடாது, எவரிடமும் சொல்லக்கூடாது என அச்சுறுத்தி, சேமிப்பு முழுவதையும் தன் கணக்கிற்கு மாற்றச் செய்கிறான். கள்வனே இறையின் கோலத்தில் வருவதால் முறையிடும் வழி அடைபடுகிறது. இம்மோசடியின் வலிமை இதில்தான் உள்ளது.

2024 அக்டோபர் 27 அன்று ஒலிபரப்பான ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் இந்தியப் பிரதமர் இம்மோசடியைப் பற்றி எச்சரித்தபோது, மோசடியாளருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலின் பதிவு எடுத்துக்காட்டாக வழங்கப்பட்டது. பொறுத்தல், சிந்தித்தல், செயல்படுதல் என்னும் மூன்று படிகள் அதில் கூறப்பட்டன. மெய்ப்பாட்டு நோக்கில் இது கருதத்தக்க உத்தி. பாதிக்கப்பட்டவரின் அழுகையைப் பின்னர்க் காட்டுவதைவிட, அச்சத்திற்குரிய பொருளையே, அதாவது கள்வனின் பேச்சையே, காண்போர் நேரில் அறியச் செய்வது அது. அச்சப்பொருளைத் தானே காண்பவனுக்கே அச்சம் பிறக்கும் என்னும் பேராசிரியரின் கருத்தோடு இது பொருந்துகிறது. மேலும், மோசடியின் சொற்களை முன்னரே கேட்டறிந்த முதியவர், அதே சொற்களை மீண்டும் கேட்கும்போது அச்சத்தினிடத்தில் அறிதலைப் பெறுகிறார்.

இத்தகைய படங்கள் தவறாமல் கூறவேண்டிய செய்திகள் சில உண்டு. காணொளி வழியே கைது செய்யும் நடைமுறை இந்தியச் சட்டத்தில் இல்லை. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணில் உடனே புகார் செய்யலாம். விரைந்து புகார் செய்தால் பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு. இங்கும் இளிவரலே குறுக்கே நிற்கிறது. ‘படித்தவராக இருந்தும் ஏமாந்தார்’ என்னும் பேச்சுக்கு நாணி, முதியவர் நாள்கணக்கில் மறைக்கிறார். அதற்குள் பணம் பல கணக்குகளுக்குச் சென்றுவிடுகிறது. ஆகவே ‘ஏமாறாதீர்கள்’ என முடியும் படத்தைவிட, ‘ஏமாற்றப்பட்டால் உடனே சொல்லுங்கள்’ என முடியும் படமே மிகுந்த பயன் தரும். ‘ஏமாறுதல்’ என்னும் தன்வினை பழியைப் பாதிக்கப்பட்டவர் மேல் ஏற்றுகிறது. ‘ஏமாற்றப்படுதல்’ என்னும் செயப்பாட்டுவினை அதனைக் கள்வன் மேல் நிறுத்துகிறது. ஒரு விகுதியின் வேறுபாடு இங்கு ஓர் அறவேறுபாடாகிறது.

5. நகையின் இடர்

தமிழ்த் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் முதியோரின் காதுகேளாமையும் மறதியும் தடுமாற்றமும் நீண்டகாலமாக நகைச்சுவைப் பொருளாக இருந்துவருகின்றன. ஒன்றைக் கேட்டு வேறொன்றாக விடையிறுக்கும் முதியவர் பழகிய நகைப்பாத்திரம். இது எள்ளலும் பேதைமையும் பற்றிய நகை. கல்விப் படங்களும் பார்வையாளரைக் கவர்வதற்காக இம்மரபைக் கையாள்வதுண்டு. மாத்திரையை மாற்றி விழுங்கும் பாட்டி, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடெங்கும் தேடும் தாத்தா ஆகியோர் சிரிப்பை எழுப்புவர். ஆனால் சிரித்தவர் இடரின் கடுமையை உணர்வதில்லை. இரத்தச் சர்க்கரை மாத்திரையை இருமுறை உட்கொள்ளுதல் உயிரிழப்பில் முடியக்கூடும். மறதி சிரிப்பாக்கப்படும் வீட்டில், ‘காலை மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை’ என முதியவர் கேட்கத் தயங்குவார். நகை இங்கு மறைத்தலுக்கு மற்றுமொரு காரணமாகிறது.

நகையை முற்றும் விலக்க வேண்டும் என்பது பொருளன்று. முதியோர் தம்முள் பகிர்ந்துகொள்ளும் நகை வேறு. முதியோரைப் பொருளாகக் கொண்ட நகை வேறு. முன்னதில் எள்ளல் இல்லை. சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார் என்னும் வினாவைப் படைப்பாளர் எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும்.

6. பராமரிப்போர்: அழுகையும் வெகுளியும்

முதியோர் பாதுகாப்புப் படங்களின் மற்றொரு பார்வையாளர் பராமரிப்பவர். தமிழ்க் குடும்பங்களில் இவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், நிமிர்ந்து அமர்த்தி உணவூட்டுதல், சக்கர நாற்காலியின் தடையைப் பூட்டியபின் தூக்குதல், தம் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தாங்குதல் ஆகிய செயல்முறைகளைப் படம் நன்கு கற்பிக்க இயலும். இவை சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைக்கத்தக்கவை.

ஆயின் பராமரிப்பவர் எந்திரம் அல்லர். அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய அசைவு என்பதற்குப் பண்டைய நிலை கெட்டு வேறுபட்டு வருந்துதல் என்பது உரை. மறதிநோயால் மகளையே அறியாத தாயைப் பராமரிக்கும் மகளின் துயரம் இழவும் அசைவும் கலந்தது. இழப்பு நிகழ்ந்துவிட்டது, ஆனால் இழக்கப்பட்டவர் எதிரே அமர்ந்திருக்கிறார். இத்துயரத்திற்கு இடந்தராமல் கடமையை மட்டும் வலியுறுத்தும் படம், களைப்பை வெகுளியாக மாற்றக்கூடும். 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ அறுவரில் ஒருவர் ஓராண்டில் ஏதேனும் ஒருவகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இதற்குக் காரணங்கள் பல; பராமரிப்பவரின் தீராக் களைப்பும் அவற்றுள் ஒன்று.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பாதுகாக்கும் பொறுப்புடையவர் மூத்த குடிமகனை முற்றிலும் கைவிடும் நோக்கில் ஓரிடத்தில் விட்டுச்செல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. பராமரிப்பதாக உறுதிபெற்று எழுதிக்கொடுத்த சொத்தை, அவ்வுறுதி மீறப்படின், செல்லாததாக அறிவிக்கவும் அச்சட்டம் வழிசெய்கிறது. இவற்றை எடுத்துரைக்கும் படங்கள் தேவை. ஆனால் எல்லாப் பராமரிப்பவரையும் குற்றஞ்செய்யக் காத்திருப்போராகக் காட்டும் படத்தை, உதவி தேவைப்படும் பராமரிப்பவர் பார்க்க மறுப்பார். ‘என்னால் இயலவில்லை’ எனக் கூறுதல் இழுக்கன்று என்பதைக் காட்டுதலும், மூத்த குடிமக்களுக்கான 14567 என்னும் உதவி எண்ணை அக்காட்சியோடு இணைத்தலும் இரு சாராரையும் காக்கும்.

7. ஏவல் மொழியும் இடவழக்கும்

உணர்வமைப்புக்கு அடுத்ததாக மொழியமைப்பு கருதத்தக்கது. இப்படங்களின் பின்னணிக் குரல் ஐவகை வடிவங்களில் செயலை ஏவுகிறது: ‘செய்க’ என்னும் வியங்கோள், ‘செய்யவும்’ என்னும் அறிவிப்புப் பலகை வடிவம், ‘செய்யுங்கள்’ என்னும் மரியாதை ஏவல், ‘செய்ய வேண்டும்’ என்னும் கடப்பாட்டு வடிவம், ‘செய்யலாம்’ என்னும் இசைவு வடிவம். வியங்கோள் மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவாக வரும் என்பது நன்னூல் கருத்து. எவரையும் சுட்டாத அப்பொதுமை அச்சு அறிவிப்புக்கு ஏற்றது. ஆனால் தமக்குச் சொல்லப்படுகிறது என்னும் உணர்வைக் கேட்பவருக்குத் தருவதில்லை. முதியவருக்கு ‘வேண்டும்’ என்பது மீண்டும் மீண்டும் கூறப்படும்போது அது கட்டளையாக ஒலிக்கிறது.

தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்பதால் ஓர் இடர் விளைகிறது. எரிவாயு கசியும்போது ‘மின்விளக்கின் பொத்தானைத் தொடக்கூடாது’ என்று குரல் கூறுகிறது. மறுப்பு முழுவதும் ‘கூடாது’ என்னும் இறுதிச் சொல்லில் அடங்கியுள்ளது. வயது முதிர்வதால் உண்டாகும் செவித்திறன் குறைவு முதலில் உயர் அதிர்வெண் ஒலிகளைப் பாதிக்கிறது. பின்னணி இசை மிகுந்த இடத்தில் பேச்சைப் பிரித்தறிவது கடினமாகிறது. தொடரின் இறுதியில் குரல் தாழ்வதும், அவ்விடத்தே இசை எழுவதும் வழக்கம். இறுதிச் சொல் கேளாதுபோனால் எஞ்சுவது ‘மின்விளக்கின் பொத்தானைத் தொட’ என்பதே. செய்யக்கூடாத செயல், செய்யவேண்டிய செயலாகக் காதில் விழுகிறது.

இதற்கு மாற்று, செய்யத்தக்கதை உடன்பாட்டு வடிவில் முறைப்படுத்திக் கூறுதலாகும். ‘கதவையும் சன்னலையும் திறந்துவிடுங்கள். உருளையின் அடைப்பானை மூடுங்கள். வீட்டுக்கு வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள். விளக்குகள் இருந்த நிலையிலேயே இருக்கட்டும்’ என்னும் அமைப்பில் எந்தச் சொல் கேளாதுபோயினும் தலைகீழான பொருள் தோன்றாது.

மூவிட வழக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. முதியவர், பராமரிப்பவர் ஆகிய இருவரும் அமர்ந்து பார்க்கும் படத்தில் முன்னிலை யார்? ‘உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ எனக் குரல் கூறும் கணத்தில், முதியவர் தம் வீட்டிலேயே படர்க்கை ஆகிவிடுகிறார். அவரைப் பற்றிப் பேசப்படுகிறது, அவரிடம் பேசப்படுவதில்லை. மாறாக எல்லாரையும் ‘தாத்தா’, ‘பாட்டி’ என விளித்தல் 60 வயதைக் கடந்து இன்னும் தொழில் செய்வோருக்கு ஒவ்வாது. ‘ஐயா’, ‘அம்மா’ என்பன அவர்தம் மதிப்பைக் காக்கும். இரு சாராரையும் ஒருங்கே விளிக்கத் தமிழில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை உள்ளது. கேட்பவரையும் உள்ளடக்கிய ‘நாம்’ அது. ‘இரவில் எழுந்திருக்கும்போது நாம் முதலில் கட்டிலின் விளிம்பில் சற்று நேரம் அமர்வோம், தலைச்சுற்றல் இல்லையெனில் எழுவோம்’ என்னும் தொடரில் ஏவுபவரும் ஏவப்படுபவரும் இல்லை.

8. பெருமிதம்: ஒரு மாற்று அமைப்பு

இளிவரலால் ஏற்படும் மறைத்தலுக்கு எதிர்நிலையில் நிற்கக்கூடிய மெய்ப்பாடு பெருமிதம். அதன் நான்கு நிலைக்களன்களும் முதியோர் பாதுகாப்புப் படத்திற்குப் பொருந்துமாற்றைக் காணலாம்.

கல்வி: முதியவரைக் கற்பிக்கப்படுபவராக மட்டுமன்றிக் கற்பிப்பவராகக் காட்டுதல். தம் வீட்டின் இடர்களைத் தாமே ஒவ்வோர் அறையாக ஆராய்ந்து கூறும் முதியவர் படத்தின் நடுவில் நிற்கலாம். இசைமை: விழுந்ததை மருத்துவரிடம் கூறியதால் மருந்தளவு மாற்றப்பட்டு, மீண்டும் சந்தைக்குச் சென்றுவரும் ஒருவரின் நற்பெயரைக் காட்டுதல். கொடை: தம் அனுபவத்தைப் பிறர்க்கு வழங்குதல், தமக்கு வந்த மோசடி அழைப்பைப் பற்றிப் பூங்காவில் நண்பர்களிடம் எடுத்துரைத்தல்.

தறுகண் பற்றி எச்சரிக்கை தேவை. ‘எனக்கு ஊன்றுகோல் வேண்டா’ என மறுப்பதும் தறுகண்ணாகக் கருதப்படக்கூடும். அஞ்சாமை இடரை ஒப்புக்கொள்ளாமையாகத் திரிந்தால் பெருமிதமே பகையாகும். ஆகவே உதவியை ஏற்கும் துணிவையே தறுகண்ணாகக் காட்டுதல் படைப்பாளரின் கடமை. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமரும் பயிற்சியை நாள்தோறும் செய்யும் முதியவரிடம் இத்துணிவைக் காணலாம்.

இவ்வமைப்பை விளக்கும் பொருட்டு இக்கட்டுரைக்கென அமைத்த மாதிரிக் காட்சி வருமாறு. முதிய பெண் ஒருவர் மருத்துவர் முன் அமர்ந்திருக்கிறார். விழும் காட்சி காட்டப்படவில்லை. அவர் கூறுகிறார்: “போன வாரம் குளியலறையில் வழுக்கிவிட்டது. அடி ஒன்றும் பெரிதில்லை. மறைக்கத்தான் நினைத்தேன். அடுத்த தடவை அடி பலமாக இருந்தால் மறைக்க முடியாதே, அதனால் சொல்லிவிடுகிறேன்.” மருத்துவர் அவர் உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டறிகிறார், எழுந்து 3 மீட்டர் தொலைவு நடந்து திரும்பி அமருமாறு வேண்டுகிறார், நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். அடுத்த காட்சியில் அப்பெண்ணே நின்று, குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி எவ்வுயரத்தில் அமையவேண்டும் என்பதைத் தொழிலாளிக்குக் கைவைத்துக் காட்டுகிறார். மகள் அருகில் நிற்கிறாள். முடிவு செய்பவர் தாய். இக்காட்சியில் மருத்துவச் செய்தி எதுவும் குறையவில்லை. விழுந்தவரின் உருவம் தரையில் கிடக்காமல், தன் வீட்டைத் தானே திருத்தும் உருவமாக மாறியுள்ளது.

9. முடிவுரை

மெய்ப்பாட்டியல் இலக்கியத்துக்கும் நாடகத்துக்கும் வகுக்கப்பட்டது. அது மருத்துவ மதிப்பீட்டின் இடத்தைப் பெறாது. இங்குக் கூறப்பட்ட கருத்துகள் பார்வையாளரிடையே கள ஆய்வு செய்து உறுதிப்படுத்தத்தக்கவை. முதியவரைத் தனியாகவும், குடும்பத்தாரோடு சேர்த்தும் ஒரே படத்தைப் பார்க்கச்செய்து வேறுபாட்டை ஆராய்தல் பயன்தரும். இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

• மூப்பு இளிவரலின் நிலைக்களன் என்னும் தொல்காப்பியக் கருத்து, முதியோர் தம் இடர்களை மறைப்பதன் காரணத்தை விளக்கத் துணைசெய்கிறது.

• அஞ்சியவரைக் காட்டுதலால் காண்போர்க்கு அச்சம் பிறவாது என்னும் பேராசிரியரின் கருத்து, விழும் காட்சியை மையமாகக் கொண்ட படங்களின் அமைப்பை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. அச்சுறுத்தும் பொருளை நேரே அறியச்செய்தல் மோசடி பற்றிய படங்களுக்குப் பொருந்தும்.

• மறுப்புச் சொல் தொடரிறுதியில் நிற்கும் தமிழமைப்பில், பாதுகாப்பு அறிவுரைகளை உடன்பாட்டு வடிவில் அமைத்தல் செவித்திறன் குன்றியோர்க்கு இன்றியமையாதது.

• உளப்பாட்டுத் தன்மைப் பன்மை முதியவரையும் பராமரிப்பவரையும் ஒருங்கே விளிக்க ஏற்ற வடிவமாகும்.

• பெருமிதத்தின் நிலைக்களன்களைக் கொண்டு அமையும் படம், இடரைச் சொல்லும் துணிவை முதியவருக்கு அளிக்கவல்லது.

பாதுகாப்புக் கல்விப் படம் ஒன்றின் வெற்றியை, அதைப் பார்த்தபின் எத்தனை முதியவர்கள் வாய்திறந்து தம் இடரைக் கூறினர் என்பதைக் கொண்டு அளத்தலே தகும். சொல்லப்பட்ட இடருக்குப் பெரும்பாலும் தீர்வு உண்டு.